சிராவகர் கடமை: தொழிலிடத்தில் கேட்டலும் பேசுதலும்

பகவான் மகாவீரர் கேவலஞானம் எய்திய பின்னரும் 66 நாள்கள் திவ்யத்வனி எழவில்லை என்பது திகம்பர மரபு கூறும் செய்தி. சமவசரணம் அமைந்திருந்தது. தேவரும் மானிடரும் விலங்கும் பறவையும் தத்தமக்குரிய சபைகளில் அமர்ந்திருந்தனர். சொல்லப்படவேண்டிய உண்மையும் குறைவற இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே: கேட்டதைக் கேட்டவாறே ஏற்று, பகுத்து, பிறருக்கு வழங்கவல்ல கணதரர். இந்திரபூதி கௌதமர் வாதிட வந்து, செருக்கு நீங்கி, கேட்பவராக அமர்ந்த பின்னரே ராஜகிருகத்து விபுலகிரியில் திவ்யத்வனி பிறந்தது. அந்நாளையே வீரசாசன ஜயந்தியாக நாம் போற்றுகிறோம். முற்றும் உணர்ந்தவரின் மொழியே தகுந்த செவிக்குக் காத்திருந்தது என்றால், கடையிலும் அலுவலகத்திலும் நாம் சொல்லும் சொற்களின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இல்லறத்தில் நின்று அறம் காப்போருக்கு நம் ஆசாரியர்கள் இட்ட பெயர் ‘சிராவகர்’. கேட்பவர் என்பது அதன் பொருள். நம்புவோர் என்றோ தொண்டர் என்றோ பெயரிட்டிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. ஆயின் அப்பெயரை ஜினாலயத்து மண்டபத்தோடு நிறுத்திவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. தருமோபதேசத்தைக் கைகட்டி, வாய்பொத்திக் கேட்கும் நாம், கடையைத் திறந்ததும் வேலையாள் சொல்வதைப் பாதியிலேயே வெட்டிவிடுகிறோம். நாளில் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழியும் இடம் தொழிலிடம். அவ்வளவு நேரமும் சிராவகர் என்னும் பெயரைக் கழற்றி வைத்துவிடலாமா?

நம் மரபினர் குந்தகுந்தாசாரியர் அருளியதாகப் போற்றும் திருக்குறளில் ‘கேள்வி’ என்றோர் அதிகாரம் இருப்பதை அனைவரும் அறிவர். அது எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இல்லறவியலிலும் இல்லை; துறவறவியலிலும் இல்லை. பொருட்பாலில், அரசியலில், ஆள்பவனுக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக நிற்கிறது. பிறரை வேலை வாங்குபவனுக்கே முதலில் கேட்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பது அந்த வைப்புமுறையின் கருத்தாகலாம். மேலும், இன்று நாம் வினா என்னும் பொருளில் வழங்கும் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு அங்கே செவிவழிக் கல்வி என்பதே பொருள். கேட்பது, வினவுவது இரண்டையும் தமிழ் ஒரே வினைச்சொல்லால் குறிப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இனிப் பாடத்துக்கு வருவோம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மதிஞானத்துக்கு நான்கு படிகள் கூறுகிறார். அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என்பன அவை. ஏதோ ஒன்று புலனில் படுவது அவக்கிரகம். அது இன்னது என்று அறிய முயல்வது ஈஹை. இன்னதே என்று துணிவது அவாயம். துணிந்ததை மறவாது நிறுத்துவது தாரணை. பாடசாலையில் சிறுவர்கள் இந்நான்கையும் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். ஆனால் இவை ஏட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் நடப்பவை.

சாரத்தில் ஓர் இரும்புக்கடை என்று வைத்துக்கொள்வோம். கட்டட மேஸ்திரி ஒருவர் தொலைபேசியில், “பன்னிரண்டு கம்பி இருபது அனுப்பிவிடுங்கள்” என்கிறார். கடைப் பையன் காதில் இரண்டு எண்கள் விழுகின்றன. இது அவக்கிரகம். பன்னிரண்டு எம்.எம். கனமுள்ள கம்பி இருபது எண்ணிக்கையா, இருபது எம்.எம். கம்பி பன்னிரண்டா என்று அவன் நாடவேண்டும். இது ஈஹை. “பன்னிரண்டு எம்.எம்., இருபது எண்ணம். சரிதானா?” என்று திருப்பிச் சொல்லி மேஸ்திரியின் ஒப்புதலைப் பெற்றால் அவாயம். ஆர்டர் புத்தகத்தில் எழுதிவிட்டால் தாரணை. பெரும்பாலான தொழிலிடங்களில் நடப்பது என்னவெனில், அவக்கிரகத்திலிருந்து நேரே வண்டியில் ஏற்றுவதற்குத் தாவிவிடுகிறோம். ஈஹை விடுபட்டுப்போகிறது. ஈஹை என்பது ஐயம் அன்று என்பதை இங்கே வற்புறுத்தவேண்டும். ஐயம் இரண்டுக்கும் நடுவே ஊசலாடி நிற்பது. ஈஹை துணிவை நோக்கி நகர்வது. திருப்பிக் கேட்கும் பணியாளனை “ஒரு தடவை சொன்னால் புரியாதா?” என்று அதட்டும் முதலாளி, அவனுடைய ஈஹையை ஐயம் என்று தவறாக மதிப்பிடுகிறார்.

காதில் விழுவது எல்லாம் உடனே கேட்கப்பட்டதாகிவிடாது என்பதற்குப் பூஜ்யபாத சுவாமிகள் தம் உரையில் ஓர் எளிய உவமை தருகிறார். புதிய மண்சட்டியில் இரண்டு மூன்று துளி நீர் தெளித்தால் சட்டி நனைவதில்லை. மீண்டும் மீண்டும் தெளிக்கவே மெல்ல ஈரமாகிறது. காதில் விழும் ஒலியும் அத்தகையதே. வேலையில் ஆழ்ந்திருப்பவனிடம் போகிற போக்கில் சொன்ன சொல் சட்டியில் விழுந்த முதல் துளி. பிறகு “நான்தான் சொன்னேனே!” என்று வாதிடுவதில் பயனில்லை.

அதே அத்தியாயத்தில் ‘அநுக்தம்’ என்றொரு சொல் வருகிறது. சொல்லப்படாதது என்பது பொருள். சொல்லப்பட்டதை அறிவதும் சொல்லப்படாததைக் குறிப்பால் அறிவதும் மதிஞானத்தின் 336 பகுப்புகளுக்குள் இடம்பெறுகின்றன. நம் தமிழ்நாட்டுத் தொழிலிடங்களுக்கு இது மிகவும் வேண்டிய பாடம். ஏனெனில் நாம் ‘இல்லை’ என்று நேரே சொல்வது அரிது. “பார்க்கலாம்” என்றால் பெரும்பாலும் நடக்காது. “ஆகட்டும்” என்றால் ஒருவேளை நடக்கலாம். “சரி” என்ற ஒரு சொல்லோ மூன்று பொருள்படும்: காதில் விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்துவிடுகிறேன். சொல்பவர் முதற்பொருளில் சொல்ல, கேட்பவர் மூன்றாம் பொருளில் எடுத்துக்கொண்டு மறுநாள் சினம் கொள்கிறார். சினத்துக்குக் காரணம் தீய எண்ணம் அன்று. ‘சரி’யின் பொருளைக் கேட்டுத் தெளியாமையே.

இவை சிறிய செய்திகள் என்று தோன்றலாம். 1996 நவம்பர் 12 அன்று மாலை ஹரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரியின் வானில் நிகழ்ந்தது சிறிய செய்தி அன்று. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானம் மேலேறிக்கொண்டிருந்தது. கஜகஸ்தானிலிருந்து வந்த இல்யூஷின் 76 விமானம் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னதற்கு 14,000 அடி, பின்னதற்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டு அலுவலர் தெளிவாக உத்தரவிட்டிருந்தார். இடையில் ஆயிரம் அடி வெளி. எதிரே வரும் விமானத்தைப் பற்றியும் அது பறக்கும் உயரத்தைப் பற்றியும் கஜகஸ்தான் விமானத்தாரிடம் எச்சரிக்கையும் செய்தார். மறுமொழியும் வந்தது. ஆயினும் அவ்விமானம் 15,000 அடியைத் தாண்டிக் கீழே இறங்கியது. இரண்டும் மோதின. சவூதி விமானத்தில் 312 பேர், கஜகஸ்தான் விமானத்தில் 37 பேர், ஆக 349 உயிர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடைபெற்றது. உத்தரவின்றி இறங்கியதே காரணம் என்று முடிவாயிற்று. அப்படி இறங்க நேர்ந்தது எவ்வாறு என்பதிலேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது. கஜகஸ்தான் விமானத்தில் நிலத்தோடு ஆங்கிலத்தில் பேசியவர் வானொலி இயக்குநர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. கேட்டவருக்கு முன்னால் உயரங்காட்டும் கருவி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறியவேண்டும். கருவி உடையவர்களுக்கோ ஆங்கிலத்தில் போதிய பயிற்சி இல்லை. எதிர் விமானத்தின் உயரமாகச் சொல்லப்பட்ட எண்ணைத் தாங்கள் இறங்கவேண்டிய உயரமாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றொரு கருத்தும் முன்வைக்கப்பட்டது. தில்லியில் அப்போது பயன்பட்ட ராடார் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டியதே தவிர அதன் உயரத்தைக் காட்டவில்லை. ஆகவே அலுவலருக்கு உயரம் என்பது முழுக்க முழுக்கச் செவிவழிச் செய்தியாகவே இருந்தது. அந்த அறையில் செவியே கண்.

நான்கு படிகளைக் கொண்டு இதை ஆராய்ந்து பாருங்கள். அவக்கிரகம் ஒருவரிடத்தில், தாரணை வேறொருவரிடத்தில்; இடையில் ஈஹையும் அவாயமும் எவரிடத்திலும் இல்லை. கேட்பவரும் செய்பவரும் வெவ்வேறானவராக இருக்கும் தொழிலிடங்கள் எத்தனை! முதலாளி மேலாளரிடம் சொல்ல, மேலாளர் கணக்கரிடம் சொல்ல, கணக்கர் வண்டிக்காரரிடம் சொல்கிறார். நடுவில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த வானொலி இயக்குநர் போன்றவரே.

இவ்விபத்துக்குப் பின்னர் இந்திய வான்வெளியில் பறக்கும் பயணியர் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. தில்லியில் வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. 2008 முதல் உலக அளவில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் ஆங்கிலப் பேச்சுத் திறனில் குறைந்தபட்சத் தகுதி வரையறுக்கப்பட்டது. உத்தரவைக் கேட்ட விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்வதும், சொன்ன அலுவலர் அதைச் செவிமடுத்துச் சரிபார்ப்பதும் வான்துறையின் நீங்கா வழக்கம். சொன்னவரும் மறுபடி கேட்கவேண்டும் என்பதை இங்கே கருதுக. சொல்லி முடித்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது நிலத்தில் வாழும் நமது வழக்கம் மட்டுமே.

மருத்துவத் துறையிலும் இவ்வுணர்வு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கென 19 குறிப்புகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் அனைவரும் ஒரு கணம் நின்று, நோயாளியின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, உடலில் அதற்குரிய இடம் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் கூறவேண்டும். தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. பெயர் சொல்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு முறை வாய் திறந்த இளநிலைச் செவிலிக்கு, தவறு கண்ட இடத்தில் மறுமுறை வாய் திறப்பது எளிதாகிவிடுகிறது.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள். ஆகவே இவ்விடத்தில் பவணந்தி முனிவரை நினையாமல் கடந்துசெல்ல இயலாது. நம் சமண முனிவராகிய அவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், பாடம் சொல்லும் முறைக்கு நிகராகப் பாடம் கேட்கும் முறைக்கும் இலக்கணம் வகுத்திருக்கிறார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு வகையாகக் காட்டுகிறார். நெய்யரி, நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வது. அலுவலகக் கூட்டம் முடிந்து வெளியே வருவோருள் நெய்யரிகளை எளிதாக அடையாளம் காணலாம். முக்கால் மணி நேரம் பேசியதில், தம்மைக் குறித்து எவரோ கூறிய ஒற்றைக் குத்தல்மொழி மட்டுமே அவர்களிடம் எஞ்சியிருக்கும். ஒரு நூலை இருமுறை கேட்டவனுக்குப் பிழை வராது, மும்முறை கேட்டவன் முறையறிந்து பிறருக்கு எடுத்துரைப்பான் என்பதும் அவர் கருத்து. அதைவிட வியப்பானது அவர் போடும் கணக்கு: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக ஏற்றாலும் புலமை கால்பங்கே நிரம்பும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும். திருப்பிச் சொல்லச் செய்வதன் மதிப்பு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முனிவரால் அளக்கப்பட்டுவிட்டது.

பயிற்சிப் பள்ளிகளில் மாதிரிப் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர் கட்டாயமாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு: “புரிந்ததா?” வகுப்பு முழுவதும் “புரிந்தது” என்னும். இவ்வினாவைப் போலப் பயனற்றது பிறிதில்லை. புரியாதவன் தனக்குப் புரியவில்லை என்பதையும் அறியமாட்டான்; அறிந்தவனோ நாணத்தால் சொல்லமாட்டான். “இப்போது என்ன செய்யப்போகிறாய், சொல்” என்று கேட்பதே வழி. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வெளியிட்ட ஆய்வில் மற்றொரு செய்தி தெரியவந்தது. ஆசிரியர்கள் வினாவெழுப்பிய பின் ஒரு நொடி அளவே பொறுக்கின்றனர். விடை வராவிடில் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றனர். மூன்று நொடியேனும் காத்திருந்தால் மாணவர் விடை நீளுகிறது. தாமாக முன்வந்து பேசுவோர் தொகை பெருகுகிறது. மூன்று நொடி மௌனத்தை மேலதிகாரிகள் பழகிக்கொண்டால், கூட்டங்களில் எப்போதும் கடைசி நாற்காலியில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் எழுந்து செல்லும் பெண் ஊழியர்களின் குரல் கேட்கத் தொடங்கும் என்று நான் நம்புகிறேன். அவர்களிடம் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை என்பது அன்று; வெட்டிப் பேசாதவர் கிடைப்பதில்லை என்பதே உண்மை.

பேசும் கடமைக்கு வருவோம். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் பாஷா சமிதியும் ஒன்று. இதமாகவும் மிதமாகவும் பிரியமாகவும் பேசுதல் என்று அதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். இல்லறத்தார்க்குரிய சத்திய விரதத்தை நிலைபெறச் செய்யும் ஐந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. சினத்தை விடுதல், பேராசையை விடுதல், அச்சத்தை விடுதல், கேலியை விடுதல் ஆகிய நான்கும், எண்ணிப் பேசுதல் என்னும் ஐந்தாவதும் அவை. பொய் எங்கிருந்து பிறக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறிவிட முடியாது. சினமும் பேராசையும் பொய்க்கு ஊற்று என்பதை எவரும் ஒப்புவர். கேலியைச் சேர்த்தது நுட்பம். ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்பதே நம் தொழிலிடங்களில் மிகுதியும் காயப்படுத்தும் வாசகம்.

ஆயினும் இந்நான்கனுள் அச்சமே தொழிலிடத்துக்கு மிகப் பொருந்துவது. இயந்திரத்தில் விரிசல் கண்டவன் சொல்லாதிருப்பது, கணக்கில் வேறுபாடு கண்டவள் மறைப்பது, சரக்கு வரவில்லை என்பதை ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லுவது எல்லாம் பேராசையால் அல்ல. உண்மையைச் சொன்னால் வசவு கிடைக்கும் என்னும் அச்சத்தால். இங்கே ஒரு வினா எழுகிறது. பணியாளன் சொன்ன பொய்யின் பாவம் பணியாளனை மட்டும் சேருமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூவகையாலும் வினை வரும் என்பது நம் சித்தாந்தம். தீய செய்தி கொண்டுவருபவன்மீது எரிந்துவிழும் முதலாளி, தம் கடையில் பொய்யைச் செய்விப்பவர் ஆகிறார். சத்தியாணுவிரதம் ஏற்றவர்கள், தாம் பொய் சொன்னோமா என்று மட்டும் ஆராயாமல், தம்மிடம் உண்மை சொல்லப் பிறர் அஞ்சுகின்றனரா என்றும் ஆராயவேண்டும். பிரதிக்கிரமணம் செய்யும்போது இதை நினைப்போர் மிகக் குறைவு.

அவ்விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ‘கூடலேககிரியை’ ஒன்று. பொய் ஆவணம் எழுதுதல். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதும் இதில் அடங்கும். இதற்கு நம் புதுவை வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளையை 1716-ஆம் ஆண்டில் ஆளுநர் எபேர் சிறையிலிட்டார். ஊரைவிட்டு வெளியேறும்படி மக்களைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. கசையடியும் சிறையும் சொத்துப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். சாட்சிகள் தமிழர், வழக்கு எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு. தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவர்கள் கையெழுத்திட்டனர் என்பது பிற்பாடு எழுப்பப்பட்ட முறையீட்டில் முக்கியமான இடம் பெற்றது. அவருடைய மகன் குருவப்பா பிரான்சுக்கே சென்றார். இறுதியில் தண்டனை செல்லாதென்று நீக்கப்பட்டது. அதைக் கேட்க நைனியப்பர் உயிரோடு இல்லை.

அவருடைய உறவினரான திருவேங்கடம் பிள்ளையும் அவ்வழக்கில் அல்லற்பட்டவர். அத்திருவேங்கடத்தின் மகனே, பின்னாளில் துய்ப்ளேக்சின் துபாஷியாகப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இரண்டு மொழியாளர். கேட்டலும் சொல்லுதலுமே அவருக்குத் தொழில். ஆளுநர் சொன்னது, வணிகர் சொன்னது, தாம் விடைகூறியது எல்லாவற்றையும் 1736 செப்டம்பர் முதல், 1761 ஜனவரியில் தாம் இறக்கும் காலத்தை ஒட்டிய நாள்வரை, தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். இன்னார் இன்னபடி சொன்னார், நான் இன்னபடி சொன்னேன் என்ற நடையிலேயே பக்கங்கள் நகர்கின்றன. வாய்ச்சொல் ஏட்டில் வேறாக மாறியதால் இழப்புக் கண்ட குடும்பத்தில் பிறந்தவர், கேட்டதைக் கேட்ட நாளிலேயே தம் மொழியில் எழுதிவைத்ததில் பொருள் உண்டு என்று நான் கருதுகிறேன். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஒப்புவார்களோ என்னவோ. ஓர் ஆசிரியையின் எண்ணமாக இருக்கட்டும். இன்றும் வங்கியில், காப்பீட்டு அலுவலகத்தில், மருத்துவமனையில், ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், பாட்டி” என்கிறார்கள். அத்தாளில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்லும் இளைஞன் சத்திய விரதத்துக்குத் துணைசெய்கிறான். நம் பிள்ளைகள் பலர் அத்தகைய இருக்கைகளில் அமர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மற்ற அதிசாரங்களுள் மறைவாக நடந்ததை வெளியிடுதலும், குறிப்பால் அறிந்த பிறர் உள்ளக்கருத்தை அம்பலப்படுத்துதலும் இரண்டு. உடன் பணிபுரிபவர் தனிமையில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படம்பிடித்துக் குழுவில் இடுவது எவ்வகையைச் சார்ந்தது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

கேளாமையின் விலை தனி மனிதரோடு நிற்பதில்லை. நம் நகரின் நெசவாலைகளில் விடியலிலிருந்து இருட்டும்வரை வேலை வாங்கப்பட்ட காலம் உண்டு. கூலி, வேலைநேரம், சிறுவர் உழைப்பு குறித்துத் தொழிலாளர் முறையிட்டனர், வ. சுப்பையா அவர்களை ஒன்றுதிரட்டினார். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுக் காவலர் சுட்டதில் தொழிலாளர் பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே, 1937 ஏப்ரலில், தொழிற்சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் ஆணையாக வந்தன. முந்தின ஆண்டிலேயே மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்டிருக்கக்கூடிய வேண்டுகோள்களே அவை. இன்று அவ்வாலைகளில் சங்கு ஊதுவதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 இந்நகரில் நினைவுகூரப்படுகிறது.

சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளைஞர்கள் சிலர், இந்நான்கு படிகளை எவ்வாறு பழகுவது என்று என்னைக் கேட்டனர். நான் சொன்ன பயிற்சி இது. தசலட்சண பருவத்தின் பத்து நாள்களில், நாளொன்றுக்கு ஒரு முறை, மேலாளரோ உடன் பணியாளரோ சொன்ன ஒரு செய்தியை, “நீங்கள் சொன்னது இதுதானே” என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் ‘ஆம்’ என்றாரா, திருத்தினாரா என்பதை இரவில் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். திருத்திய நாள்களை மட்டும் தனியே எண்ணுங்கள். கடை வைத்திருப்போர் இதையே மறுதலையாகச் செய்யலாம்: வேலையாளிடம் “புரிந்ததா” என்று கேட்பதை அப்பத்து நாள்களும் விரதமாக விட்டுவிட்டு, அவரையே திருப்பிச் சொல்லச் செய்து, மூன்று நொடி பொறுத்திருக்கவேண்டும். பாடசாலை நடத்துவோர் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, முதல்வன் காதில் ஒரு கொள்முதல் பட்டியலைச் சொல்லிக் கடைசிப் பையன் வாயால் அதை வாங்கிப் பார்க்கலாம். இரண்டாம் முறை, ஒவ்வொருவனும் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்தவனுக்குச் சொல்லவேண்டும் என்று விதி வைக்கவேண்டும். இரண்டு பட்டியலையும் கரும்பலகையில் அருகருகே எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னர் அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என்று பாடத்தைத் தொடங்கலாம்.